வறண்ட தோலும் எட்டு மாசப் புள்ளயும்

என் மகளுக்கு எட்டு மாசம் ஆனப்ப அவளுக்கு இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் பிடிக்கல. அது என் கை. மத்தபடி தங்கமான புள்ள. யாரு கூப்பிட்டாலும் போவா. கங்காணி தூக்குனா அவரு மீசைய இழுத்து வச்சிக்கிட்டுச் சிரிப்பா. நான் கைய நீட்டித் தூக்குனா மட்டும் முதுக வளைச்சுக்கிட்டு, வரிசையா வீடுங்க இருக்குற மொத்த லயத்துக்கும் கேக்குற மாதிரி வீல்னு கத்துவா. பக்கத்துக் காம்பராக்காரி, "வந்துட்டியா? இப்பதான் ஒம் புள்ள மணி அடிச்சிச்சு"ன்னு உள்ளேருந்து சொல்லுவா.

இலங்கையில, லிந்துலைப் பக்கத்துல எங்க தோட்டம். எங்க தோட்டம்னு பேச்சுக்குச் சொல்றேன். சுதந்திரம் வந்து பத்து வருசத்துக்கு மேல ஆகியும் துரை வெள்ளக்காரராத்தான் இருந்தாரு. எங்களுக்குன்னு இருந்தது ஒரே ரூமா ஒரு காம்பராவும் அதுக்கு முன்னால ஒரு துண்டு இஸ்தோப்புத் திண்ணையும். நான் கொழுந்து பறிக்கிறவ. என் புருசனுக்கு இஸ்டோருல, தேயில காய வைக்கிற அடுப்புக்கிட்ட வேல. மாமியா புல்லு வெட்டப் போவாங்க. காலைல எல்லாரும் வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடுற நேரத்துல புள்ளயப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு ஓடுவேன். வேலைக்குப் போற பொம்பளைங்களோட புள்ளைங்களப் பாத்துக்கிறதுக்குத் தோட்டம் கட்டி வச்ச மடுவம் அது. அங்க ஒரு ஆயம்மா இருந்தா. நாப்பது வயசிருக்கும், புள்ள கெடையாது, புருசனும் இல்ல. கொழுந்துப் பக்கமே போகாத கை அவளுக்கு. நாள் பூரா பால் காய்ச்சுறதும் புள்ளைங்களத் தட்டித் தூங்க வைக்கிறதும்தான். அந்தக் கையி மெத்து மெத்துன்னு இருக்கும்.

மத்தியானம் பால் கொடுக்க வருவோம். மத்த புள்ளைங்க அம்மாவக் கண்டா குதிக்கும். என் மக நான் தூக்குனதும் ஒரு பாட்டம் கத்துவா. அப்புறம் பசிக்கு வேற வழியில்லாம குடிப்பா. குடிச்சு முடிச்சதும் வாயக் கூடத் தொடைக்காம ஆயம்மாவப் பாத்து ரெண்டு கையையும் நீட்டுவா. ஓட்டல்ல சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறவங்க மாதிரி.

"இவள எனக்கே குடுத்துரு புள்ள"ன்னு ஆயம்மா சொல்லிச்சு ஒரு நாள்.

வெளையாட்டுக்குத்தான் சொல்லிச்சு. எனக்கு அது வெளையாட்டாப் படல. வெடுக்குன்னு கூடைய எடுத்து மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறிட்டேன். அன்னைக்குப் பறிச்ச கொழுந்துல பாதி முத்தல்னு, கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுற கணக்கப்புள்ள ஏசுனாரு.

சாயங்காலம் மாமியா என் கையப் பிடிச்சு அடுப்பு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வெரல் எல்லாம் வெடிச்சு, வெடிச்ச கோட்டுக்குள்ள கொழுந்துக் கறை ஏறிக் கருப்பா நின்னுச்சு. உள்ளங்கை சொரசொரன்னு இருந்துச்சு. மூஞ்சி மட்டும் என்ன வாழ்ந்துச்சு? தை மாசக் காத்துல கன்னம் ரெண்டும் செதில் செதிலா உரிஞ்சு கெடந்துச்சு.

"இது கையா? இத வச்சுத் தேங்கா துருவலாம். பச்சப்புள்ள ஒடம்பு இதத் தாங்குமா? புள்ளயா இருக்கப் போயி கத்துறதோட விட்டுச்சு"ன்னாங்க மாமியா.

அதோட வியாதி என்னன்னு முடிவாயிருச்சு. இனி வைத்தியம்தான் பாக்கி. கைய மெதுவாக்கணும், புள்ள என் கைக்கு வரணும். அந்த வருசம் எனக்கு வேற யோசனையே இல்ல.

என்னைய யாரும் அழுக்குன்னு சொல்லிற முடியாது, அதையும் சொல்லிர்றேன். கை கழுவாம எந்தத் தாயும் புள்ளயத் தொடக்கூடாதுன்னு டாக்டரையா சட்டம் போட்டிருந்தாரு. பிள்ளைக்காம்பரா வாசல்லயே பீலி இருந்துச்சு, மலைத்தண்ணி எந்நேரமும் கொட்டும். மத்தவளுங்க வெரல் நுனிய நனைச்சுட்டு உள்ள ஓடுவாளுங்க. நான் முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவுவேன். கொழுந்துக் கறை கசக்கும், புள்ள வாயில பட்டுறக் கூடாது பாருங்க. வீட்டுலயும் அப்படித்தான், லயத்துப் பீலியில கழுவாம அவளத் தொட மாட்டேன்.

மொத வைத்தியம் மாமியாவோடது. அவங்க திருச்சிப் பக்கத்துல பொறந்து, சின்ன வயசுல கப்பலேறி வந்தவங்க. "எங்க ஊருல பொம்பளைங்க பயத்தமாவும் மஞ்சளும் தேய்ப்பாங்க. அவங்க மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?"ன்னு கேட்டாங்க. நான் எங்க பாக்குறது? நான் பொறந்ததுலேருந்து பக்கத்து டவுன் தலவாக்கலையத் தாண்டுனதில்ல.

தெனமும் வேலை முடிஞ்சு வந்து பயத்தமாவும் மஞ்சளும் கொழைச்சு மூஞ்சி, கை, கழுத்துன்னு போட்டு, காஞ்சதும் பீலித் தண்ணியில தேச்சுக் கழுவுனேன். திருச்சிக்கு அது சரியான வைத்தியமாத்தான் இருக்கும். அங்க வெயிலு, வேர்வை, புழுதி, எண்ணெப் பிசுக்கு. எங்க தோட்டத்துல தை மாசம் விடிஞ்சா புல்லு மேல பனி உப்புக் கொட்டுன மாதிரி கெடக்கும். வேர்வையப் பாக்கணும்னா இஸ்டோருக்குள்ளதான் போகணும். என் தோலுல இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் பயத்தமாவு வழிச்சு எடுத்துருச்சு. ஒரு வாரத்துல சிரிச்சா ஒதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. அதனால நான் சிரிக்கிறத நிறுத்திட்டேன். வீட்டுல அத யாரும் கவனிக்கல.

"பத்தல. இன்னும் அழுத்தித் தேய்"ன்னாங்க மாமியா.

இதுல ஒரு கூத்து என்னன்னா, மிஞ்சுன மாவ எடுத்து என் புருசன் பூசிக்கிட்டாரு. நாள் பூரா அடுப்புக்கிட்ட நின்னு, தேயிலத் தூசும் வேர்வையும் சேந்து அவரு மூஞ்சியில கட்டி கட்டியாக் கெளம்பியிருந்துச்சு. அது எல்லாம் அமுங்கி, கல்யாணத்தன்னைக்கு இருந்தத விட நல்லா ஆயிட்டாரு. பெரட்டுக்குப் போற பொம்பளைங்க அவரத் திரும்பிப் பாத்துட்டு, என்னையப் பாத்து, "ஒனக்கு ஒடம்புக்கு முடியலயா?"ன்னு கேப்பாளுங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாவு டின்ன எடுத்து ஒளிச்சு வச்சேன். அவரு கண்டுபிடிச்சுட்டாரு.

ஒரு ஞாயித்துக்கெழம என் நாத்தனா வந்துச்சு. என் புருசனோட அக்கா. துரை பங்களாவுல துரைசாணி புள்ளைங்களப் பாத்துக்கிற வேல. கால்ல செருப்பு இருக்கும், ஜாக்கெட்டுல ஊசி குத்தியிருக்கும், பேச்சுலயும் கொஞ்சம் பங்களா வாசம் அடிக்கும். என் மூஞ்சியப் பாத்துட்டு, "ஒனக்கு ஒந் தோலு என்ன ரகம்னு தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"தோலுல என்னக்கா ரகம்?"

"மூணு ரகம் இருக்கு. எண்ணெத் தோலு, வறண்ட தோலு, ரெண்டுங்கெட்டான். சீமையிலேருந்து வர்ற க்ரீம் போத்தலோட வெவரம் எழுதுன தாள் வச்சிருக்கான். துரைசாணி எனக்கு வாசிச்சுக் காட்டிச்சு. மெல்லிசுத் தாள மூஞ்சியில ஒட்டிப் பாத்தா தெரிஞ்சுரும்."

மெல்லிசுத் தாளுக்கு எங்க போறது? பக்கத்துக் காம்பராப் பையன் பட்டம் கட்ட வச்சிருந்த தாள அவங்க அம்மாவே கிழிச்சுக் கொண்டாந்தா. நெத்தியில, மூக்குல, கன்னத்துல ஒட்டி, ஒரு பாட்டு பாடுற நேரம் வச்சு எடுக்கணும். லயத்துப் பொம்பளைங்க எல்லாம் இஸ்தோப்புல வரிசையா குந்திக்கிட்டு மூஞ்சியில கலர் கலராத் தாள் ஒட்டியிருந்தோம். அந்த நேரம் பாத்து கங்காணி வந்தாரு. என்ன ஏதுன்னு கேக்காம அவரும் ஒரு தாள வாங்கி ஒட்டிக்கிட்டாரு. அவரு தாள் வடை மடிச்ச தாள் மாதிரி வந்துச்சு. அவருக்கு அதுல பெருமைதான். "பாத்தியா, நல்ல சாப்பாடு"ன்னு எல்லாருக்கும் காட்டுனாரு.

என் தாள் போன மாதிரியே திரும்பி வந்துச்சு. பையங்கிட்டத் திருப்பிக் குடுத்தேன், அவன் பட்டத்துல ஒட்டிக்கிட்டான்.

"வறண்டது. ரொம்ப வறண்டது"ன்னு நாத்தனா தீர்ப்புச் சொல்லிச்சு. சொல்லிட்டு, துரைசாணி தீத்துப் போட்ட போத்தல்ல அடியில ஒட்டியிருந்த ஸ்நோ க்ரீம எனக்குக் குடுத்துச்சு. அது எந்தத் தோலுக்குன்னு நானும் கேக்கல, அதுவும் சொல்லல. பூசுனேன். மணமா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல காஞ்சு, வெள்ளையா மாவு பூத்துச்சு. பெரிய துரை பார்வைக்கு வர்றதுக்கு மொத நாளு லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க இல்லையா, அப்படி இருந்தேன். புள்ள என்னைய அடையாளமே தெரியாமப் பாத்துட்டு, கை பட்டதும் அடையாளம் கண்டு கத்துச்சு. ஸ்நோவையும் என் புருசனே எடுத்துக்கிட்டாரு. அவருக்கு அதுவும் சரியா இருந்துச்சு. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு, ரெண்டு தோலு, நான் என்ன செய்ய?

ஆனா அந்தத் தாள் சொன்னது மனசுல நின்னுச்சு. எண்ணெ இல்லாத தோலு. அப்ப எண்ணெ போடணும். இதுக்கு எதுக்கு சீமை? தேங்காயெண்ணெ எங்க ஊருல அந்த மாசத்துல போத்தலுக்குள்ள ஒறைஞ்சு கல்லாயிரும், ஈர்க்கு விட்டுக் கொடையணும். அதனால நான் புத்தியா யோசிச்சேன். சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத்துல ஆடு அடிப்பாங்க. ஆட்டுக் கொழுப்பு கொஞ்சம் வாங்கி உருக்கி, வாடை தெரியாம இருக்க தைலம் ரெண்டு சொட்டு விட்டு, டின்னுல ஊத்தி வச்சேன். ராத்திரியும் பூசுனேன், விடியக்காலைல கொழுந்துக்குப் போறப்பவும் பூசுனேன்.

கை மெதுவாச்சு. நெசமாவே மெதுவாச்சு. வெடிப்பு மூட ஆரம்பிச்சிருச்சு. எனக்குத் தலைகால் புரியல.

அந்தச் சந்தோசம் மூணாம் நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தோட முடிஞ்சிச்சு. தேயில பொல்லாதது. பக்கத்துல எது இருக்கோ அந்த வாசத்த இழுத்துக்கும். இஸ்டோருக்குள்ள வெங்காயம் கூடக் கொண்டு போக விட மாட்டாங்க. அன்னைக்கு இஸ்டோருல தேயிலப் பக்குவம் பாக்குற டீமேக்கரையாவே மடுவத்துக்கு வந்துட்டாரு. முந்துன நாள் கொழுந்துல ஏதோ குருமா வாசம் வருதாம், குருமாவுக்குப் பின்னால சளி தடிமனுக்குப் பூசுற மருந்து வாசமும் வருதாம். கணக்கப்புள்ள எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, கைய நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கையா மோந்து பாத்துக்கிட்டு வந்தாரு. அந்த வேலைய அவரு அவசரப்படாமத்தான் செஞ்சாரு. என் கைக்கு வந்ததும் ஒரு தும்மல் போட்டாரு.

"என்னடி இது?"

"கைக்குப் பூசுனதுங்கய்யா. கை வெடிச்சிருச்சுங்க."

"கைக்கா? நான் இத ஊருகாயோட சாப்பிடலாம் போல இருக்கே?"

மடுவமே சிரிச்சிச்சு. என் கூடைக் கொழுந்தக் குப்பையில கொட்டச் சொல்லி, எனக்கு அரை நாள் சம்பளத்துக்கு அரைப்பேருதான் போட்டாரு. இஸ்டோருல என் புருசன் கிட்ட, "ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கறி?"ன்னு கேட்டிருக்காங்க. அவரு நெசமாவே நெனச்சுக்கிட்டு, பருப்புன்னு சொல்லியிருக்காரு.

அன்னைக்கு ஒக்காந்தா அழுகையா வந்துச்சு, ஆனா அழுது என்ன ஆகப்போகுது? யோசிச்சேன். எனக்கு வேண்டியது ராத்திரி வேலை செஞ்சுட்டு விடியறதுக்குள்ள வாசம் இல்லாமப் போயிர்ற எண்ணெ. பயத்தமாவ மொத வேலையா நிறுத்துனேன். ராத்திரி புள்ள தூங்குனப்புறம் ஒரு தடவை மட்டும் மூஞ்சியும் கையும் வெதுவெதுன்னு தண்ணி வச்சுக் கழுவுறது. ஈரம் காயறதுக்குள்ள, அடுப்போரம் எளக வச்ச தேங்காயெண்ணெயத் தொட்டுப் பூசுறது. காஞ்ச தோலுல பூசுனா மேலயே நிக்கும், ஈரத்துல பூசுனாத்தான் உள்ள எறங்குதுன்னு நானாப் பூசிப் பூசிக் கண்டேன். அப்புறம் கைக்கு மேல சாக்ஸ். துரையோட பழைய கம்பளிச் சாக்ஸ நாத்தனா கொண்டாந்து குடுத்துச்சு.

"கால்ல போடுறதக் கையில போட்டுக்கிட்டுப் படுக்குறியே, வெளங்குமா குடும்பம்?"ன்னு மாமியா தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான் காதுல வாங்கல.

விடியக்காலைல வடிச்ச கஞ்சித் தண்ணிய வெதுவெதுன்னு ஊத்திக் கழுவுனா எண்ணெ வாசம் போயிரும், தோலும் இழுக்காது. மலைக்கு ஏறுறப்ப தலையில போடுற துணிய எறக்கிக் கன்னத்த மூடிக் கட்டிக்குவேன். அவ்வளவுதான். ஒரு மாசத்துல வெரல் வெடிப்பு மூடிருச்சு. கறை போகல, அது போகாது, அதுக்கு வேற பொழப்புத் தேடணும். ஆனா உள்ளங்கை தடவுனா வழுக்கிச்சு. கன்னத்துல செதில் இல்ல. கணக்கப்புள்ள கொஞ்ச நாள் என் கைய மட்டும் தனியா மோந்து பாத்துட்டு, குத்தம் கண்டுபிடிக்க முடியாம விட்டுட்டாரு. லயத்துப் பொம்பளைங்க வந்து கேட்டாங்க. நான் மொதல்ல பட்டத்தாள் ஒட்டிப் பாருங்கன்னேன். கங்காணி பொண்டாட்டி அதக் கேக்காம என் எண்ணெயப் பூசிக்கிட்டு மூஞ்சி பூரா பரு வந்து, என்னோட பேசுறத நிறுத்திட்டா. அது எனக்கு நட்டமில்ல.

எல்லாம் நடந்துச்சு. புள்ள மட்டும் வரல.

மெத்துன்னு இருந்த கையி, எண்ணெ வச்ச கையி, ஒரு வாசமும் இல்லாத கையி. பீலியில நல்லாக் கழுவிட்டு உள்ள போயித் தூக்குவேன். முதுக வளைச்சுக்கிட்டு வீல்னு ஒரு கத்து. பழையபடியே. கை சொரசொரன்னு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. கை காரணம்னு சொல்லிக்கிட்டேன். இப்ப கையும் சரி. அப்ப என்ன அர்த்தம்? எம் புள்ளைக்கு என்னையத்தான் பிடிக்கல. வேற என்னன்னு நெனைப்பேன்? பெத்தவளப் பிடிக்காமப் போறதுக்கு எட்டு ஒம்பது மாசப் புள்ள அப்படி என்னத்தக் கண்டுச்சுன்னு மலையில நின்னு நெனச்சு நெனச்சு, கொழுந்தக் கிள்ளாமக் காம்பக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்ற மாதிரி வெவகாரமா அது?

மாசி மாசம் ஒரு நாளு மேல்மலையில மண்ணு சரிஞ்சு பீலிக் குழா அடைச்சுக்கிச்சு. பிள்ளைக்காம்பரா வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. காலைலேருந்து ஊசியாக் காத்து. மத்தியானம் நான் வந்து சேந்தப்ப எனக்கு வெரல் இருக்குறதே தெரியல. புள்ள முழிச்சிக்கிட்டுப் பாயில கெடந்தா. ஆயம்மா ஒரு கையில பால் சட்டியும் இடுப்புல வேற ஒரு புள்ளயுமா நின்னுச்சு.

"கை கழுவத் தண்ணி இல்லையே"ன்னேன்.

"இன்னைக்கு யாருக்கும்தான் இல்ல. டாக்டரையா வந்தா நான் சொல்லிக்கிறேன். நல்லாத் தொடைச்சுட்டுத் தூக்கு, பசியில கெடக்கு."

இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்குல தொடைச்சுப் பாத்தேன். கறை அப்படியே இருந்துச்சு. வெரல் மடங்க மாட்டேங்குது, இந்தக் கையில எப்படித் தூக்குறது? கீழ போட்டுருவேன்னு பயந்து, பால் காயுற அடுப்புக்கிட்ட குந்தி ரெண்டு கையையும் நீட்டிச் சூடு காட்டுனேன். வெரலுக்கு உசிரு வந்து குத்த ஆரம்பிச்சதும், முந்தானையில இன்னொரு தடவ தொடைச்சுட்டு, போயித் தூக்குனேன். காதுக்குள்ள கத்தல் வரப்போகுதுன்னு கண்ணக் கூட இறுக்கி மூடிக்கிட்டேன்.

கத்தல் வரல.

கண்ணத் தொறந்து பாத்தேன். புள்ள என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. யாரு இதுன்னு பாக்குற மாதிரி. அப்புறம் தலைய என் தோளுல சாச்சுக்கிச்சு.

ஆயம்மா பால ஆத்திக்கிட்டே, "இன்னைக்குத்தான் ஒங் கை சூடா இருக்கு போல"ன்னுச்சு. "தெனமும் ஐஸ் தண்ணியில முழங்கை வரைக்கும் ஊற வச்சுட்டு, சட்டைக்குள்ள கையக் குடுத்துத் தூக்குற. எனக்குச் செஞ்சா நானும்தான் கத்துவேன்."

"அத ஏன்க்கா இத்தன நாளாச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அன்னைக்கு வெளையாட்டுக்கு ஒரு வார்த்த சொன்னதுலேருந்து எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குற. வர்ற, குடுக்குற, கூடைய மாட்டிக்கிட்டுப் போற."

புள்ளயத் தூக்கிக்கிட்டுச் செவத்தோரமாப் போயி ஒக்காந்தேன். பால் குடிச்சா. குடிச்சு முடிச்சதும் வழக்கம் போல ஆயம்மாவப் பாத்தா. பாத்துட்டு, கைய நீட்டாம, கறை புடிச்ச என் உள்ளங்கை ஒண்ணுல கன்னத்த வச்சு, இன்னொரு கை வெரலக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா.

வெளிய கொம்பு ஊதிட்டாங்க, வேலைக்குத் திரும்பணும். மத்தவளுங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாளுங்க. நான் எந்திரிக்கல. கண்ணுல தண்ணி பாட்டுக்கு எறங்குது. கண்ணீரு உப்பு, வறண்ட தோலுக்கு ஆகாது, காத்துல அடிபட்ட கன்னத்துல பட்டா நெருப்பா எரியும். எரிஞ்சிச்சு. தொடைக்கத்தான் எனக்குக் கை ஒழியல.